கம்பம் நிற்கும்வரை

எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால் முக்கிளைக் கம்பம் நடுவார்கள். பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். கம்பம் நிற்கும்வரை ஊருக்குள் சாவு விழக்கூடாது. விழுந்தால் பூசை நின்றுபோகும். அந்த வருடம் மழை பெய்யாவிட்டாலும், தறி ஓடாவிட்டாலும் செத்தவர் வீட்டைத்தான் குறை சொல்வார்கள். ஊர்க்காரர் வெளியூரில் செத்தால், சேதி ஊருக்குள் வராதவரை அது சாவுக் கணக்கில் இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். ஈரல் முழுக்கப் புற்று பரவியிருந்தது. சொந்த வீட்டில் சாக வேண்டும் என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. அண்ணனும் நானும் கோவையிலிருந்து கூட்டிவந்து, அவர் கட்டிய வீட்டில் அவர் கட்டிலிலேயே படுக்க வைத்தோம். அடுத்த வாரம் தமுக்கடித்து நோம்பி சாட்டினார்கள்.

அதன்பிறகு பார்க்க வந்த யாரும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்தார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்குங்க தாங்கும்?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்து மரியாதை ஊரறிந்தது. கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம்.

கம்பம் நடுவதற்கு முந்தின நாள் கோயில் தர்மகர்த்தா வந்தார். காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"தப்பா நெனைக்கக் கூடாதுங்க அம்மணி. அப்பாவ உங்க கோயமுத்தூர் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா அவருக்கும் சௌகரியமுங்க. வேனுக்கு நானே சொல்லிப்போட்டேனுங்க."

நான் முடியாது என்றேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஊரோட ஒத்துப்போகோணும் அம்மணி," என்றான்.

உள்ளே அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. என்னைக் கூப்பிட்டார். "போலாம் கண்ணு. அவன் சொல்றது நாயந்தான்."

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் தர்மகர்த்தாவாக இருந்தபோது எதிர்வீட்டு அம்மாவை இப்படித்தான் வேனில் ஏற்றினார். கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் அந்தம்மா உயிர் போய்விட்டது. அப்பா அன்று வீட்டுக்கு வந்து மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்தம்மாவின் மகன்தான் இந்தத் தர்மகர்த்தா. பழிதீர்த்த சந்தோஷம் அவர் முகத்தில் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால்கூடத் தேவலை.

நியாயம் பேசிய அப்பா, தூக்கிக்கொண்டு போகும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். அப்போது எனக்கு அந்த ஊரையே கொளுத்திவிட வேண்டும் போலிருந்தது.

என் நாலாம் மாடி வீட்டில், பக்கத்துக் கட்டடத்துச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத அறையில் அப்பா செத்துப்போனார். எங்கள் அடுக்ககத்தில் எல்லா மாநிலத்துப் பண்டிகையும் உண்டு. அன்று ஹோலி. கீழே ஒரே பாட்டும் கலர்ப்பொடியும். செக்ரட்டரி மேலே வந்து ரொம்பவும் வருத்தப்பட்டார். குழந்தைகள் பயந்துவிடும், பின்பக்க லிஃப்டில் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு, "என்ற கையில நோம்பிக் காப்புக் கட்டியிருக்குது அம்மணி. சாவுக்கு வரக் கூடாது. கம்பம் எடுக்கற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிப்போடாத," என்றான். அப்பாவை அனுப்பிய பிறகு காப்புக் கட்டிக்கொள்ளச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. மின் மயானத்தில் மகன் எங்கே என்று கேட்டார்கள். நான்தான் கொள்ளி வைத்தேன்.

சாயந்திரம் தர்மகர்த்தா கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"அப்பா எப்படி இருக்காருங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த மேளத்தை நிறுத்த என் ஒரு வார்த்தை போதும்.

"செத்துட்டாருங்க. எரிச்சும் ஆச்சுங்க. பூசைய நிறுத்துங்க."

"தெரியுமுங்க அம்மணி. உங்கண்ணன் காலையிலயே சொல்லிட்டாருங்க." குரல் அத்தனை இதமாக இருந்தது. "நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுக்கத்தானுங்க கேட்டேன். ஊருக்குள்ள கேட்கறவங்ககிட்ட நல்லா இருக்காருன்னுதானுங்க சொல்லிட்டிருக்கறோம். நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க."

அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"அவரு கம்பத்துக்கிட்ட ஆடிட்டிருக்காருங்க," என்றார்.