எட்டுத் தொம்பையைத் தைத்தது யார்?

நான் செய்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பளி ஸ்வெற்றர் பதினேழு. காலுறை எத்தனை சோடி என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு இங்கரின் நாய்க்கு மழைச்சட்டை ஒன்று, வாலுக்குத் தனி ஓட்டை வைத்தது. மருமகனின் வேட்டிக்குச் சிப் பூட்டிய பொக்கற். அதற்குள் போனை வைத்துக்கொண்டு அவர் கலியாண வீடுகளில் நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறார். பேத்தியின் நாட்டிய உடுப்பு, காசு வாங்கித் தைத்தவர் கெடுத்ததை நான் பிரித்துத் திருத்தியது. கடைசியாக ஒரு கோயில் தேரைச் சுற்றித் தொங்கவிட எட்டுத் தொம்பை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அறுபது வயதுவரை ஊசியில் நூல் கோர்த்தறியாதவன் ஒருவன் இவ்வளவையும் செய்தான். அவன் நான்தான்.

நான் இருக்கிற வடக்கு நோர்வே ஊரில் பஸ்ஸில் இருந்து பின்னினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆணும் பின்னும், பெண்ணும் பின்னும். பார்க்கிறவர்களும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கம்பளியைத்தான் பார்ப்பார்கள். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, இணுவிலில் மினிபஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் பையைத் திறந்து இரண்டு ஊசியையும் சிவப்புக் கம்பளியையும் வெளியே எடுத்தேன். பஸ்ஸில் இருந்த தலையெல்லாம் என் பக்கம் திரும்பிற்று. கொண்டக்டர் ரிக்கற் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஐயா, உது ஆருக்கு?"

"அம்மாளாச்சிக்கு."

"இந்த வெயிலுக்கை கம்பளியோ? அம்மாளாச்சியை நுவரெலியாக் குளிருக்கே கூட்டிக்கொண்டு போறியள்?"

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒரு வரியையும் தவறவிடவில்லை. எட்டாவது தொம்பைக்கு அடிக்கரை பின்னுகிற வேலை அது. தேர்த்திருவிழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

இந்த வேலை எனக்குப் பிடிபட்ட விதத்தையும் சொல்லவேண்டும். நான் அங்கே மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மீன் வெட்டினேன். தோள்மூட்டு விட்டுப்போக வீட்டில் இருத்திவிட்டார்கள். ஒருநாள் பனிக்கு ஒதுங்க நூலகத்துக்குள் போனேன். ஒரு கதவில் 'ஸ்த்ரிக்கெகஃபே' என்று எழுதியிருந்தது. முன்பாதி விளங்கவில்லை, பின்பாதி கஃபே என்று விளங்கிற்று. உள்ளே போய் இருந்தேன். ஏழு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் கோப்பி தந்தார், இன்னொருவர் இரண்டு ஊசியையும் ஒரு நூல்பந்தையும் தந்தார். இது பின்னுகிறவர்கள் கூடும் இடம் என்று அப்போதுதான் தெரிந்தது. கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப்போக வெட்கமாக இருந்தது, ஊசியை வாங்கிக்கொண்டேன். கோப்பி ஆறுவதற்குள் நான்கு வரி பின்னிவிட்டேன். முள்ளில் சதை ஒட்டாமல் மீன் வெட்டிய கைக்கு நூல் ஒரு பெரிய காரியமா? ஊசி தந்தவர்தான் இங்கர், புருசன் தவறிய மனிசி, என் பக்கத்து வீடு. பன்னிரண்டு வருடம் அருகருகே இருந்தும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கதைத்தோம்.

தொம்பை விசயம் அக்காவின் போனில் தொடங்கியது. இணுவிலில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. தேரைச் சுற்றி உருளையாகத் தொங்குகிற தொம்பைச் சீலைகள் வெளிறிக் கிழிந்துவிட்டன என்று அக்கா சொன்னா. "நீ ஏதும் பாத்துச் செய்தால் நல்லம்" என்றா. அவ நினைத்தது வேறு. எனக்குச் சீலையின் நிறங்கள் கண்ணுக்குள் வந்துவிட்டன. "நான் தைக்கிறன்" என்றேன். "விசர்க்கதை கதையாதை, காசை அனுப்பு" என்றா.

அந்த மாரிகாலம் முழுக்கத் தைத்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துண்டு துண்டாக வெட்டி, ஒட்டித் தைத்து, மேலே வளையம் வைத்து, கீழே கம்பளியில் கரை பின்னிக் குஞ்சம் கட்டினேன். இங்கர் வந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டா. தேருக்கு நோர்வே மொழியில் சொல் தெரியாமல், கடவுளின் வண்டிக்கு என்றேன்.

"எத்தனை பேர் இருக்கலாம்?"

"ஒருவர்."

"எஞ்சின்?"

"ஊர்ச்சனம்."

இங்கர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இது வண்டிக்கு உள்ளே தொங்குமா வெளியே தொங்குமா என்று கேட்டா. வெளியே என்றேன். மனிசி பதறிப்போனா. "வெளியேயா! அப்படியென்றால் லைனிங் போடாமல் எப்படி?" தன் வீட்டு அலுமாரியில் இருந்து மழையங்கிகளுக்கு உள்ளே வைக்கிற சாம்பல் நிறத் துணியைக் கொண்டுவந்து தந்தா. அந்த ஊரில் வெளியே என்றால் மழை, பனி, கடற்காற்று. முப்பது மாரி அங்கே கழித்தவன் நான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எட்டுக்கும் லைனிங் வைத்து இரட்டைத் தையல் போட்டேன்.

தேருக்கு முதல்நாள் மத்தியானம் கோயிலில் சூட்கேசைத் திறந்தேன். சோடனை வேலை செய்கிற செல்வம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணை, உது தொம்பையோ மெத்தையோ?"

தேரில் ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். நல்ல சோளகக் காற்று. கொடிமரத்துக் கொடி படபடக்குது, என் தொம்பை நட்டுவைத்த கப்புத்தடி மாதிரி அசையாமல் நிற்குது. தொம்பை என்றால் காற்றில் சுழலவேண்டும், தேர் ஓடும்போது ஆடவேண்டும். அது எனக்குத் தெரியாததா? பிறந்ததில் இருந்து பார்த்தது. எப்படியோ மறந்துபோனேன்.

"அம்மாளாச்சிக்குக் குளிரும் எண்டு நினைச்சியளோ?" என்றான் செல்வம். பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கோயில் தலைவர் தங்கராசா மாஸ்ரர், என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவர், தோளில் கை வைத்து ஆறுதலாகச் சொன்னார்: "பரவாயில்லை நடராசா. பழசையே கட்டுவம். உதை வசந்த மண்டபத்திலை எங்கையும் விரிச்சு வைப்பம்."

ஒரு மாரிகால வேலை பாயாகப் போகப் பார்த்தது. "நாளைக்கு விடிய வெள்ளாப்பிலை எட்டும் உங்கடை கையிலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு பிளேட் கேட்டு வாங்கிக்கொண்டு மண்டபத்துத் தூணோடு இருந்தேன். இரட்டைத் தையலைப் போட்டவனே பிரிக்கிறதென்றால் அது ஒரு தண்டனை. பிரித்து, லைனிங்கை உருவி, தொம்பையின் வாயைத் திரும்ப மடித்துத் தைத்தேன். பூக் கட்டிய பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தார்கள். பரமேஸ் மச்சாள் கேட்டா.

"உண்மையாய் நீங்களே தைச்சது? அங்கை கடையிலை வாங்கினதெண்டெல்லோ நினைச்சம்."

"கடையிலை தொம்பை விக்க நோர்வேயிலை என்ன தேரே ஓடுது?"

"நீங்கள் தைச்சால் அங்கை பெண்டுகள் என்ன செய்யினம்?"

"பஸ் ஓட்டினம்."

மச்சாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் நூல்கட்டையைத் தவறவிட்டா. பின்னேரப் பூசை மணி அடிக்கும்போது ஆறு தொம்பை முடிந்திருந்தது. மற்ற இரண்டின் லைனிங்கையும் செல்வம் பக்கத்தில் வந்திருந்து பிரித்துத் தந்தான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், அவன்ரை பங்கு அவனுக்கு. லைனிங் யோசனை இங்கருடையது. அந்தப் பெருமை முழுக்க அவவுக்கே.

அடுத்தநாள் தேர் இருப்பிடத்தை விட்டு அசைந்ததும் எட்டுத் தொம்பையும் ஒரே நேரத்தில் சுழன்றதைப் பார்க்காதவர்களுக்கு நான் சொல்லி விளங்காது. சிவப்பு வந்து மஞ்சள் வந்து பச்சை வந்து, கீழே குஞ்சமெல்லாம் விரிந்து குடை மாதிரி நின்றது. மினிபஸ் கொண்டக்டரும் வடம் பிடிக்க வந்திருந்தார். "ஐயா, நுவரெலியா வந்திட்டுது" என்று கத்தினார். அப்போதுதான் ஒலிபெருக்கி சொன்னது: "இந்த அழகிய தொம்பைகளின் உபயம், நோர்வே வாழ் திருவாளர் வல்லிபுரம் நடராசா குடும்பத்தினர்."

உபயமாம். மண்டபத்து ரியூப்லைற்றில் ஏற்கெனவே என் பெயர் இருக்கிறது, தண்ணீர்த் தாங்கியிலும் இருக்கிறது. அவை உபயம்தான், நான் மறுக்கவில்லை, காசு அனுப்பினேன். இது அப்படியா? முதல்நாள் மத்தியானத்தில் இருந்து அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் விரலில் ஊசி குத்தக் குத்த இருந்தவன் நான். பெட்டி கட்டிப் பிளேன் ஏறினவன் திரும்பி வந்தால் அவனுடைய பொக்கற் மட்டும்தான் ஊருக்குத் தெரியுமா? கையும் கூடத்தானே வந்தது?

தேர் இருப்புக்கு வந்தபிறகு மாஸ்ரரிடம் போனேன். "மாஸ்ரர், உபயம் எண்டு சொல்லாதையுங்கோ. தைச்சது எண்டு சொல்லுங்கோ."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உபயம் எண்டால் மரியாதை. தைச்சது எண்டு போட்டால் உன்னைக் கூலிக்குத் தைக்கிற ஆள் எண்டெல்லோ சனம் நினைக்கும். உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"நினைக்கட்டும்."

"நடராசா, நீ விளங்காமல் கதைக்கிறாய்."

படித்தவர் சொன்னால் கேட்டுக்கொண்டு வருவது என் பழக்கம். வந்துவிட்டேன்.

இப்போது நோர்வேயில் இருந்து இதை எழுதுகிறேன். யன்னலுக்கு வெளியே பனி. பிரித்தெடுத்த எட்டு லைனிங்கில் இரண்டை அக்கா கிணற்று மோட்டருக்குப் போர்த்திவிட்டா. மிச்ச ஆறையும் திரும்பக் கொண்டுவந்து கதிரைகளுக்குத் தைத்துவிட்டேன், அதன்மேல்தான் இருக்கிறேன். மேற்துணி இணுவிலில் தேர்க்கொட்டகைக்குள் சுருட்டி வைத்திருக்கிறது, உள்துணி இங்கே எனக்குக் கீழே இருக்கிறது. ஊசி போன ஓட்டைகள் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். இங்கருக்குத் தேர் ஓடிய வீடியோவைக் காட்டினேன். மூன்று தரம் பார்த்தா. லைனிங் எங்கே என்று கேட்கவில்லை. "இதை நீ தைத்தாய்" என்று மட்டும் சொன்னா. மாஸ்ரருக்கு விளங்காதது இந்த மனிசிக்கு விளங்கிற்று.

ஆகவே கோயில் சபையாருக்கு எழுத்தில் அறியத்தருகிறேன். வருகிற திருவிழா நோட்டீசில் ரியூப்லைற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் நீங்கள் விரும்பினால் விட்டுவிடலாம். தொம்பைக்கு நேரே உபயம் என்ற சொல்லை வெட்டுங்கள். அந்த இடத்தில், அதே பெரிய எழுத்தில் போடவேண்டியது: தைத்தது, வல்லிபுரம் நடராசா. குடும்பத்தினர் என்று சேர்க்கவேண்டாம். அவர்களுக்கு ஊசியே பிடிக்கத் தெரியாது.