சித்தி ஏறிய படிகள்

எங்கள் வீட்டில் சித்தியைப் போல் வேகமாக நடப்பவர் யாருமில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடிக்கும் முன்பே தெருமுனையில் நிற்பாள். எனக்கு ஒன்பது வயதானபோது அவளுக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. ஆறு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மாதங்கள் போயும் சித்தி தேறவில்லை. குளித்துவிட்டு வந்தாலே அரை நாள் படுத்துவிடுவாள். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள். சோம்பல் என்று அப்பா முடிவு கட்டினார்.

அம்மா தன் பங்குக்கு, தைப்பூசத்தில் தங்கை பால்குடம் எடுப்பாள் என்று வேண்டிக்கொண்டாள். அன்று முட்டிவலியால் அம்மா கோயில் மலையடியிலேயே நின்றுவிட, சித்தியோடு படியேறியது நான். நாலு இடத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத லா. வேண்டுதல் கெட்டுப்போச்சுன்னு அழுவாங்க."

சித்திக்குக் குணமாகிவிட்டது என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் சித்தியால் சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. டாக்டர் கொடுத்த எம்.சி. விடுப்பு முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வராவிட்டால் வேலை போய்விடும் என்று தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. அம்மா என்னைச் சித்தியின் கட்டிலருகே நிறுத்தினாள்.

"நீதானே கூடப் போன. எங்கயாச்சும் முடியாம உட்கார்ந்தாளா?"

"இல்லம்மா. சித்தி நிக்காம ஏறுனாங்க."

அம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள். "மலை ஏற முடியுது, பஸ் ஏறத்தான் முடியலையா?"

சித்தி திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மத்தியானமே யாரோ காரில் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பிறகு அவள் அந்த பஸ்ஸில் ஏறவேயில்லை. இன்றும் திரை போட்ட அறையில்தான் இருக்கிறாள்.

சிலருக்குக் கிருமி போன பிறகும் உடம்பு அதோடு சண்டையை நிறுத்துவதில்லை போலும் என்று இப்போதைய டாக்டர் சொல்கிறார். அவருக்கும் அது உறுதியாகத் தெரியவில்லை. சக்திக்கு மீறி அலைந்தால் ஓரிரு நாள் கழித்துத்தான் உடம்பு விழும் என்பதை மட்டும் திட்டமாகச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்து வெகுநேரம் அழுதேன். சித்திக்கென்று இருந்த ஒரே சாட்சி நான்தான்.

அன்று நான் அம்மாவிடம் பொய் சொன்னபோது, கட்டிலில் படுத்தபடி சித்தி என்னையே பார்த்தாள். ரகசியத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.