அம்பத்தூர் பஸ்ஸில் என் பேய்

இன்று பாடியிலிருந்து அம்பத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் ஜன்னல் வழியாக ஒரு பூட்டிய வீட்டைக் காட்டி நண்பரிடம் சொன்னார்.

"அந்த ஊட்ல ஒரு பொண்ணு கிணத்துல வுயுந்து செத்துப் பூடுச்சு மாமே. இன்னும் அங்கதான் கீது. அதான் எவனும் குடி வர்றதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணை எழுதியவனே நான்தான். தொண்ணூறுகளில் நான் எழுதி இயக்கிய ஒரே பேய்ப் படத்தை அந்த வீட்டில்தான் எடுத்தோம். கிணறுகூட நாங்கள் போட்ட செட்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அடுத்து எழுதிய விண்வெளிக் கதையை உட்கார்ந்து கேட்க ஒரு தயாரிப்பாளரும் கிடைக்கவில்லை. என் சினிமா அதோடு முடிந்தது.

"அது சினிமாங்க. நான் எடுத்தது" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா சார் நீ. எங்க மாமா அத்தக் கண்ணால பாத்துகீறாரு."

தன் வீடு சினிமாவில் வருமே என்று ஆசையாகச் சாவியைக் கொடுத்த அந்த வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். பேயைப் பார்த்தவர்கள் வேண்டாம், அவர்கள் நிறைய இருக்கிறார்கள்.