இரண்டு வயலுக்கும் ஒரே புள்ளி

மூலைக்கல்லை நகர்த்தியது வெள்ளம் அல்ல. நான்தான்... இந்தக் கைகள்தான்!

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நான் எழுத்துக்கூட்டி வாசிப்பவள். எழுத்தும் கோணல்தான். ஆனால் யார் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை. அந்தப் பெருமைதான் எல்லா வினைக்கும் வித்து.

என் மாமனார் ஆற்றுப் பாசன வயலை இரு மகன்களுக்கும் வாய்ப்பேச்சில்தான் பிரித்துக் கொடுத்தார். நடுவில் ஒரு வரப்பு. வரப்பு கால்வாயைத் தொடும் இடத்தில் ஒரு கல். தண்ணீர் பாயும் மடை கல்லுக்கு அந்தப் பக்கம்... இளையவர் பாகத்தில்.

மூத்த மருமகள் நான், என் ஓரகத்தி பேச்சியிடம் போய்த் தண்ணீர் கேட்க வேண்டும்! அவள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

தாமிரபரணி ஊருக்குள் புகுந்த அந்த மார்கழியில் வரப்பு கரைந்தது. கல் சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பேச்சி, நோயாளிப் புருஷனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் கல்லை எடுத்து மடைக்கு அப்பால் நட்டேன். வரப்பையும் அதற்கு நேராகப் போட்டேன்.

கொழுந்தனாரும் பிழைக்கவில்லை. பேச்சி வந்து பார்த்தாள். வெள்ளத்தின் வேலை என்று நினைத்தாளோ, என்னவோ... ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு அவள் என்னிடம் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்... என் வாழை குடித்து முடித்த பிறகு.

என் மகள் செல்வி வெளியூர் விடுதியில் படித்தவள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு வீட்டிலிருந்தே பாடமும் சொல்லுவாள். வடிவங்களைக் கட்டிக் காட்டும் ஒரு புரோகிராமுக்கு எங்கள் இரு வயல்களையே எடுத்துக்கொண்டாள். மூலைக்கு மூலை செல்போனோடு நின்று அளந்து வந்தாள். அந்தப் பாடத்தை எனக்கும் திரையில் காட்டிச் சொன்னாள்.

“வயலு, புள்ளிக்குப் பொறந்த பிள்ளை இல்லம்மா. வயல்கிட்ட புள்ளி இருக்கு, அவ்வளவுதான். புள்ளிகளைக் கோர்த்தா கோடு. கோடுகளைக் கோர்த்தா வயலு.”

“ஏட்டி, புள்ளியில நெல்லா விளையும்?” என்றேன்.

சிரித்தாள். “மொதல்ல ரெண்டு வயலுக்கும் தனித்தனியாப் புள்ளி குடுத்தேன். ஒண்ண நகட்டுனா நடுவுல யாருக்கும் இல்லாத இடம் விழுது. அதான் இந்த மூலைய ரெண்டுக்கும் ஒரே புள்ளியா வச்சிட்டேன். இங்கன பாரேன்.”

விரலால் அந்தப் புள்ளியைப் பைய இழுத்தாள். ஒரு வயல் வீங்கியது. மற்றது வற்றியது.

தண்ணீரை மட்டும் என் பக்கம் திருப்பியதாகத்தானே இத்தனை காலம் மனத்துக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன்? எனக்கு வந்தது அத்தனையும் அவளிடமிருந்து போனது... கண்முன்னே!

அன்றைக்கென்று பேச்சியும் வந்தாள்.

“தாயி, மடை எங்க பக்கம் இருந்ததாத்தான் எனக்கு நெனப்பு, உங்க சித்தப்பாவும் கடைசி மட்டும் அதத்தான் சொன்னாவ. அது இருந்தா இந்த வருசமும் பயிர் வைப்பேன். இல்லன்னா வயலை வித்துட வேண்டியதுதான். மடை யாருதுன்னு ஒன் பொட்டியில தெரியுமா?”

“கல்லு இருந்த எடம் தெரிஞ்சாப் போதும் சித்தி, சொல்லிருவேன். எம்மா, வெள்ளத்துக்கு முன்ன கல்லு எங்கன இருந்துச்சு?”

“கல்லுக்கென்ன காலா மொளச்சிருக்கு, எந்திரிச்சு நடக்க?” பேச்சியே சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வார்த்தை போதும். செல்வியின் விரல் அந்தப் புள்ளிமேல் காத்திருந்தது. பெற்ற மகள் முன்னால் நான் திருடியாவதா? நானா...?

“இப்ப இருக்க எடந்தான்” என்றேன்.

“யக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஒருகாலத்தில் எனக்கே தண்ணீர் விட்டவள், தெரியாமலா சொன்னாள்? பேச்சி எழுந்து போனாள். செல்வி விரலை எடுத்துக்கொண்டாள்.

மடை இல்லாத வயலை வெளியாள் யார் வாங்குவான்? பேச்சி என்னிடமே வந்தாள். நானும் வாங்கினேன்... ஆமாம், வாங்கினேன்! வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று செல்வி கேட்பாளே என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். பொய்! எனக்கு அந்த வயல் வேண்டியிருந்தது.

இதை எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். எங்கே குறைகிறது? செல்விக்கு இன்றுவரை தெரியாது. சொல்லத் துணிவும் இல்லை.

பேச்சி இப்போது அதே வயலில் எனக்குக் கூலிக்கு வருகிறாள். நேற்றும் வந்தாள். மடைப் பலகையில் கை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“யக்கா... தண்ணி தொறக்கட்டா?”

நான் தலையை ஆட்டினேன்.