நேராக வாசிக்காத அத்தான்

என் அக்காவின் கணவர், கண்ணாடிக் கடையின் பின்கட்டில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கிறவர். முப்பது வருடமாக அதே இயந்திரம், அதே ஈரத்தூள் அப்பிய மேலங்கி. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அரைப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் கையில் சாக்ஸபோன் வந்தால் மட்டும் ஒரு மெட்டையும் ஒழுங்காக வாசிக்க மாட்டார்.

வருடக் கடைசி விடுமுறையில் கடைக்காரர்கள் குடும்பத்தோடு கூடுவார்கள். அந்த விடுமுறைக்கென்றே உள்ள பழைய பாட்டு ஒன்றை அத்தான் வாசிப்பார். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த பாட்டு. இவர் அதை ஜாஸாக்கிவிடுவார். முதல் வரியைத் தொட்டுவிட்டு ஊர்சுற்றக் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. கூடப் பாடலாம் என்று வாயைத் திறக்கும் அக்கா, வருடா வருடம் அசடு வழிய மூடிக்கொள்வாள்.

"கடையில காட்டுற ஒழுங்குல கால்வாசி இதுல காட்டுனா என்னவாம்?" என்பாள்.

"அளவெடுத்து வாசிக்க இது என்ன லென்ஸா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டிக்காக ஒரு தடவை நேராக வாசித்தால் குறைந்தா போய்விடுவார்?

போன வருடம் அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. படியிறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தானிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"இந்தத் தடவ எனக்காக வீட்டுலயே வாசிங்க. நேரா வாசிங்க. கடைசி வரி வரைக்கும் நானும் பாடணும்."

அத்தான் ஒரு வாரம் சுரம் எழுதிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பழகினார்.

விடுமுறையன்று மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஆரம்பித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. அக்கா முதல் வரியைப் பாடினாள். இரண்டாவது வரியின் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிட்டாள். பாட்டு அவளை விட்டுவிட்டு முன்னால் போனது. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தான் பார்த்தார். மெட்டை அங்கேயே விட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார். அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். அவள் உதடு அசைந்ததும் விட்ட சொல்லுக்கு வந்து சேர்ந்தார். இப்படி ஏழு இடங்களில். அக்கா கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டாள்.

"உங்க ஊர்சுற்றலும் ஒண்ணுக்கு ஒதவுச்சு, போங்க" என்று சிரித்தாள். மூன்றே வாரத்தில் போய்விட்டாள்.

இந்த வருடமும் கடைக்காரர்கள் கூடினார்கள். அத்தான் வாசித்தார். முதல் வரி நேராகப் போனது. இரண்டாவது வரியின் பாதியில் நின்று சுற்ற ஆரம்பித்தார்.

"என்னமா வாசிக்கிறாரு பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்த கல்லாக்காரர்.

இத்தனை வருடம் அவரைத் திட்டிய வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதேன். அதே ஏழு இடங்கள். ஒவ்வொன்றிலும் அக்காவுக்கு அன்று எவ்வளவு நேரம் வேண்டியிருந்ததோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த சொல்லுக்குத் தனியாகப் போனார்.