அக்காவின் பச்சைப் பூக்கள்

கரவெட்டியில் இப்போது யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு வைத்தியர். போனைத் திறந்தால் போதும், அந்தக் கோதாரி ‘வாழ்த்துகள்’ என்று சொல்லிவிடும். மருத்துவச் செயலிகளைச் சனம் ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது என்று என்னைக் கேட்டால் ஒரே பதில்தான்: அது ஏசாது. கிளினிக்கில் விடியமுதல் போய்க் குந்தியிருந்து, டொக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கட்டிலில் சாய்ந்தபடியே பாராட்டு வாங்குவது கசக்குமா?

என் அக்காவுக்குப் பல வருடமாகச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம். கனடாவில் இருக்கிற மகள் போன வருடம் வந்தபோது அக்காவின் போனில் ஒரு செயலியைப் போட்டு, இரத்தம் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். விரலில் குத்தி ஒரு துளி வைத்தால் சீனியின் அளவு தானாகவே போனுக்குப் போகும், கனடாவுக்கும் போகும். அளவாக இருந்தால் பச்சையில் ஒரு பூ விரியும். கூடினால் சிவப்பு. சிவப்பு வந்த ஐந்தாவது நிமிடம் மகள் வீடியோவில் வந்து நின்று அழுவாள்.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில்தான், அவர்களிடமும் அதே செயலிதான். வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து தொண்டைமானாற்றுச் சந்நிதிக் கோயிலுக்குப் போவார்கள். மடத்தில் அன்னதானம் சாப்பிட்டு, பாயாசத்தை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்துவிட்டு, பஸ்ஸில் ஏறியதும் யாருக்கு எத்தனை பூ என்று போனை நீட்டிக் காட்டுவார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

அக்காவுக்கோ சிவப்பு மேல் சிவப்பு. அங்கே மகள் அழுகிறாள், இங்கே மற்றவர்கள் பூக் காட்டுகிறார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலை, பக்கத்து வளவில் இருக்கிற என்னைக் கூப்பிட்டாள். அறுபது தாண்டியும் எனக்குச் சீனி இல்லை என்பது அவளுக்கு எப்போதும் ஒரு எரிச்சல்.

“தம்பி, உன்ரை விரலை ஒருக்காத் தா,” என்றாள். “பிள்ளை அங்கை வேலைக்கும் போகாமல் அழுதுகொண்டு நிக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஆயுள் முழுக்கப் பொய்ப் படிவம் பார்த்தவன் நான். இந்த மெஷினை ஏய்ப்பதென்றால் எனக்குக் கொண்டாட்டம். விரலை நீட்டினேன். பூ விரிந்தது. கனடாவிலிருந்து முத்தம் வந்தது. அதன் பிறகு தினமும் காலையில் அக்கா வீட்டில் ஒரு குத்து, ஒரு பிளேன்ரீ. உலகத்துப் புத்தியெல்லாம் தன்னிடம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் அந்தச் செயலிக்கு, தான் யாருடைய இரத்தத்தைப் பார்க்கிறோம் என்றே தெரியவில்லை. மடச் சாமான்.

ஆனால் பூவைப் பார்த்துப் பார்த்து, தன் சீனி இறங்கிவிட்டது என்று அக்காவே நம்பத் தொடங்கினாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. என் விரலில் குத்துகிறவளே அவள்தான். கிளினிக்குக்குப் போவதை விட்டாள். டொக்டர் தந்த குளிசையும் நினைத்தால் போடுவாள், இல்லாவிட்டால் இல்லை. கேட்டால் போனைக் காட்டுவாள். நானும் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். என்னைப் போல ஒரு மடையன் இருக்கமாட்டான்.

சந்நிதிச் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து அக்காவின் வலது கால் பெருவிரலில் கொப்பளம் போட்டது. மரத்துப்போன கால், வலி தெரியவில்லை. விரல் கறுத்து மணக்கத் தொடங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சீனி தலைக்கு மேலே போய்விட்டது, விரலை உடனே எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்றார். அக்கா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கையெழுத்து வைக்க வேண்டியவன் நான்.

அந்த நேரம் பார்த்து மகள் கனடாவிலிருந்து போன் எடுத்தாள். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கதைத்தாள்.

“மூண்டு மாசமா ஒரு சிவப்புக்கூட இல்லை, மாமா. அவையள் ஆரின்ரையோ ரிப்போட்டை மாத்திப் பாக்கினம். கையெழுத்து வைக்காதேங்கோ.”

தாதி படிவத்தோடு பக்கத்தில் நின்றாள்.

“ரிப்போட் சரி, பிள்ளை,” என்றேன். “போனிலை கிடக்கிறதுதான் அம்மாவின்ரை இல்லை. அது என்ரை இரத்தம்.”

“ஏன் மாமா?”

“நீ அழக்கூடாதெண்டு.”

நான் கையெழுத்து வைத்தேன்.