தலைக்கணக்கில் சேராதவர்கள்

மார்ச் 4 – 610 தலை – 3,660 லிட்டர்
மார்ச் 19 – 480 தலை – 2,880 லிட்டர்
ஏப்ரல் 2 – 735 தலை – 4,410 லிட்டர்

மேய்ச்சல் பாதையோரத் தண்ணீர்த் தொட்டியை இருபத்திரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்ட பம்புக்காரரின் பதிவேட்டில் வரிகள் இப்படித்தான் ஓடும். தலை என்றால் ஆடு. ஓர் ஆட்டுக்கு ஆறு லிட்டர். மந்தை வந்ததும் "எத்தனை தலை?" என்று கேட்பார். மோட்டாரைப் போட்டு, கோடு கிழித்த கம்பைத் தொட்டிக்குள் விட்டு, மட்டம் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். பத்து லிட்டர் முன்னே பின்னே போனாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"கல்யாணத்தன்னைக்கே என்னை விட்டுட்டு எங்க வீட்டுக் கிணத்தைத்தான் எட்டிப் பார்த்தாரு" என்பார் அவர் மனைவி.

அந்த ஏப்ரலில் வந்த மந்தைக்காரரின் மனைவி நேராகப் பம்பறைக்கு வந்தார். மருமகளுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு.

"அண்ணே, ஆடு வாய் வைக்கிற தொட்டியிலதான் நாங்களும் மொண்டு குடிக்கிறோம். ஒதுங்க ஒரு மறைப்பு இல்ல. பொம்பளைங்க இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கிடக்கிறோம். அக்டோபர்ல திரும்பி வர்றப்போ கைக்குழந்தையோட இந்த வழிக்கு வரமாட்டேங்கிறா மருமக. அவளை அவ அம்மா வீட்டுல விட்டுட்டுத்தான் நாங்க நடக்கணும்."

குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் கேட்டுப் பம்புக்காரர் அன்றே தன் மேலலுவலகத்துக்கு எழுதினார். மே மாதம் பதில் வந்தது: "தங்கள் பதிவேட்டின்படி அவ்விடத்தில் மனிதர்கள் எவரும் தங்குவதில்லை. எனவே தேவை எழவில்லை."

பதிவேட்டைப் புரட்டினார். உண்மைதான். ஓர் ஆள்கூட இல்லை. ஆடுகளே வழி கேட்டு வந்து, குடித்துவிட்டு, கையெழுத்தும் போட்டுப் போனதுபோல் இருந்தது.

மந்தை அப்போது மூன்று மைல் தள்ளி ஒரு தரிசில் கிடை போட்டிருந்தது. சைக்கிளை எடுத்தார்.

"மொத்தம் எத்தனை பேரு?"

"எழுநூத்தி முப்பத்தஞ்சு" என்றார் மந்தைக்காரர், பழக்க தோஷத்தில்.

"ஆடு இல்லப்பா, ஆளு."

மந்தைக்காரர் விழித்தார். அதை யாரும் கேட்டதில்லை. விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டு. கைக்குழந்தையையும் சேர்க்கணுமா?"

"அது தண்ணி குடிக்காதா?"

"பாலுதான் குடிக்குது" என்றார் மனைவி. "ஆனா துணி நனைக்கிறதுல எங்க எல்லாரையும் ஜெயிச்சுடும். எழுதிக்குங்க அண்ணே. எங்களையும் தலையில சேர்த்துட்டு, அப்புறம் ரோமம் வெட்ட வந்துடாதீங்க."

பத்தொன்பது என்று எழுதினார். குடிக்க, குளிக்க, துவைக்க என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்தார். மற்ற மந்தைகளையும் தேடிப் போய் ஆட்களை எண்ணினார். ஜூலையில் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரி: "என் பதிவேடு இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தவறானது."

"இதைப் போய் நீங்களே எழுதணுமா?" என்றார் அவர் மனைவி. "ஒரு தப்பு இல்லாத மனுஷன்னு எடுத்த பேரு என்னாகுறது?"

"லிட்டர் தப்பில்ல. மனுஷங்கதான் விட்டுப் போயிட்டாங்க."

ஆகஸ்டில் ஒரு பொறியாளர் வந்து அளந்து போனார். அதன்பின் தபால்காரரின் மணி கேட்டாலே பம்புக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார்.

கடைசியாக வந்த கடிதத்தை நின்றபடியே படித்தார். பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்று, ஒரு குளியலறை, தொட்டிக்கு எட்டாத தூரத்தில் குடிநீர்க் குழாய். மந்தைகள் திரும்புமுன் வேலை முடியும். உடனே மந்தைக்காரருக்குப் போன் போட்டார்.

"மருமகளையும் கூட்டிக்கிட்டே வாங்க. பத்தொன்பது பேருக்கும் வழி பண்ணியாச்சு."

"இருபதாக்கிடுங்க அண்ணே" என்று போனில் மந்தைக்காரர் மனைவியின் குரல் கேட்டது. "சின்னவனுக்குக் கல்யாணம் முடிஞ்சாச்சு."

சிரித்துக்கொண்டே திருத்தினார். பிறகு கடிதத்தின் ஓரத்தில், வந்து சேர்ந்த நாளைக் குறித்தார்: செப்டம்பர் 11, வியாழக்கிழமை, காலை 10.40.